வலையை அவிழ்க்கச் சொன்ன மாலை

"அக்கா, இவ்ளோ போதுமா? இன்னும் கீய எறக்கணுமா?"

இரண்டாவது மாடியின் விளிம்பில் குந்தியபடி ஏழுமலை என்னைப் பார்த்துக் கேட்டார். கையில் பாதி அவிழ்த்த கயிறு. கட்டடத்தைச் சுற்றி, சுவரிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக் கட்டியிருந்த பச்சை வலை அவருக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வேலை செய்கிற யாராவது தவறினால் தாங்கிக்கொள்வதற்காகக் கட்டிய வலை.

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் அசைத்தேன். இன்னும் இறக்குங்கள் என்று.

மாலை ஐந்து மணி இருக்கும். முதுகில் வெயில். எதிரே அந்தப் பெரிய கட்டடம் முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி நின்றது. சிமெண்டுச் சுவர் இவ்வளவு அழகாகத் தெரிகிற நேரம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தில் என் கண்ணை உறுத்தியது அந்தப் பச்சை வலை ஒன்றுதான்.

"வலை மட்டும் இல்லாம இருந்தா படம் எங்கியோ போயிடும் சார்" என்றேன் பக்கத்தில் நின்ற மேனேஜரிடம்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகக் கல்யாணங்களைப் பற்றியும், காதுகுத்துகளைப் பற்றியும், கேமராவைப் பார்த்தால் மட்டும் சிரிக்கிற மாமியார்களைப் பற்றியும் எழுதினேன். நீங்களும் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. 

வானத்துக்குப் பக்கத்து வீடு

பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்குப் போகிற பெரிய சாலையை ஒட்டி எழுந்துகொண்டிருந்தது அந்த அடுக்ககம். நான்கு கோபுரங்கள், ஒவ்வொன்றும் பதினெட்டு மாடி. கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பெயரைச் சொன்னால், "ஓ, அவங்களா!" என்று சொல்லிவிட்டு மற்ற எல்லாரையும் யோக்கியர்கள் என்று விட்டுவிடுவீர்கள்.

மாதம் ஒரு முறை போய், வேலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கரையான்சாவடியில் என் ஸ்டூடியோவுக்கு வருகிற பாஸ்போர்ட் சைஸ் படங்களையும் வளைகாப்புகளையும் நம்பியிருந்த எனக்கு அது பெரிய வேலை. ஹெல்மெட் ஒன்று கொடுத்தார்கள். அதில் "விருந்தினர்" என்று எழுதியிருந்தது. ஒரு வருஷம் அந்த ஹெல்மெட்டோடு அங்கே திரிந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாண மண்டபத்தின் வெள்ளை வெளிச்சத்திலேயே காலம் தள்ளியவளுக்கு அங்கேதான் நிழல் என்றால் என்னவென்று தெரிந்தது. காலையில் கிரேனின் நீண்ட கை நிழலாக விழுந்து சாலையைக் கடந்து எதிர்த்தெருவுக்குள் போகும். உச்சி வெயிலில் சாரக் குழாய்களின் நிழல் சுவரில் கோலப்புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் மணல் மேட்டில் நடக்கிற சித்தாள் ஒருத்தியின் நிழல் அவளைவிட நாலு மடங்கு நீளமாக இருக்கும்.

இதையெல்லாம் கம்பெனிக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வேன். கம்பெனிக்கு வேண்டியது நேராக நிற்கிற கட்டடமும் நீல வானமும்தான்.

நிழலில் அழகைப் பார்த்த எனக்கு அதில் நின்றவர்கள் தெரியவில்லை. எதிர்த்தெருவில் ஓர் அம்மா கொடியை அவிழ்த்து மாடிக்கு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "காலைல பத்து மணி வரிக்கும் எங்களுக்கு வெயிலே கெடியாது. அவங்கோ கட்டடம் எடுத்துக்கிச்சு" என்றார். நான் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். நல்ல படம் என்று சந்தோஷப்பட்டேன். தூ!

எங்கள் தொழிலின் முதல் வார்த்தை

கொஞ்சம் பழைய கதைக்குப் போய்விட்டு வருகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்டது ஆவடியில் ஒரு ஸ்டூடியோவில். முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கேமராவைப் பிடிப்பதை அல்ல. "கொஞ்சம் நகருங்க" என்று சொல்வதைத்தான்.

மணமக்களுக்குப் பின்னால் நிற்கிற ஏழைச் சித்தப்பா, கொஞ்சம் நகருங்க. சமையல்காரர், குறுக்கே வராதீங்க. அந்தக் குப்பைக்கூடையை எடுங்க. இந்தப் பழைய பாயைச் சுருட்டுங்க. அந்தம்மா கன்னத்தில் இருக்கிற தழும்பை எடுத்துடலாம், கவலைப்படாதீங்க.

முப்பது வருஷம் இப்படிச் சொல்லியே பிழைத்தேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கேமரா வைத்திருப்பவள் சொன்னால் உலகம் நகர்ந்து கொடுக்கும். அதனால்தான் அன்றைக்கு வலையைப் பார்த்ததும் அதையும் ஒரு குப்பைக்கூடை போல நினைத்து வாயைத் திறந்துவிட்டேன்.

இருபது நிமிடம்

மேனேஜர் பிரபாகருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்து அம்பத்தூரில் அடுக்ககம் ஒன்றில் குடியிருந்தார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கையில் எப்போதும் சுருட்டிய வரைபடம் ஒன்று இருக்கும். அதைக் குச்சி மாதிரி நீட்டித்தான் வேலை சொல்வார்.

நான் வலையைப் பற்றிச் சொன்னதும் ஒரு கணம் யோசித்தார்.

"கரெக்ட்தாங்க மேடம். ஹோர்டிங்குக்கு இந்தப் படத்ததான் கேட்டிருக்காங்க. பச்சையா தொங்கினா ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்."

உடனே வரைபடத்தை மேலே நீட்டினார். "ஏழுமலை! இந்தப் பக்கத்து வலைய அவுத்து எறக்கு."

ஏழுமலை திருமழிசைக்காரர். சாரம் கட்டுவதிலும், கான்கிரீட் இறுகிய பிறகு பலகை கழற்றுவதிலும் கெட்டிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய அப்பா அம்மா காலத்தில் அதே பக்கத்து வயல்களில் கூலி வேலை. இவர் காலத்தில் கட்டட வேலை. மனைவி அமுலுவும் அதே இடத்தில் தரை கூட்டுகிற வேலை பார்த்தார்.

ஏழுமலை மேலேயிருந்து ஒரு தரம் கேட்டார். "சார், மேல ஆளு வேல செஞ்சிகினு கீறாங்க. இப்போவேவா?"

"அஞ்சே நிமிஷம்ப்பா. படம் எடுத்ததும் கட்டிடலாம்."

அவிழ்த்தார். நான் அவர் அவிழ்ப்பதையும் எடுத்தேன், அவிழ்த்து முடித்து அவர் நகர்ந்த பிறகு வெறும் சுவரையும் எடுத்தேன். வெயில் மங்குகிற வரை எடுத்தேன். கேமராவை மூடி உறையில் வைக்கும்போது ஏழுமலை இறங்கி வந்திருந்தார்.

"கட்டிடட்டா சார்?"

பிரபாகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல ட்ரோன்காரங்க வீடியோ எடுக்க வர்றாங்க. திரும்பவும் அவுக்கணும். அது வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

இதை நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். "ராத்திரிக்குக் கட்டி வச்சிட்டு காலைல அவுத்துக்கலாமே சார்" என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. ஆனால் எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழுமலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். "சூப்பரா வந்துகீதாக்கா?" என்று கேட்டார். "சூப்பர்" என்றேன்.

மறுநாள் காலை நான்காவது மாடியின் ஓரத்தில் பலகை கழற்றிக்கொண்டிருந்தபோது ஏழுமலை தவறி விழுந்தார். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. கீழே கொட்டியிருந்த எம்-சாண்ட் மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பினார். இடுப்பு நொறுங்கிப்போனது.

ட்ரோன்காரர்கள் அன்றைக்கு வரவேயில்லை.

ஒரு கையெழுத்து

யாரோ விழுந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது. பிரபாகர்தான் போனில் சொன்னார்.

"சின்ன ஆக்சிடென்ட் மேடம். ஒருத்தர் வழுக்கிட்டார். உயிருக்கு ஒண்ணுமில்ல. ஃபைலுக்காக உங்ககிட்ட ஒரு லெட்டர் வேணும். பையன்கிட்ட குடுத்து அனுப்பறேன், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

வந்த கடிதத்தில் நாலே வரி. ஹோர்டிங்குக்காக எடுத்த படத்தில் பாதுகாப்பு வலை இருந்தது என்றும், அழகுக்காக அதைக் கணினியில் நான் அழித்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தது.

பொய் என்று தெரியும். யார் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. வலையைத் திரும்பக் கட்டினார்களா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. கடையில் ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடப் படத்துக்கு உட்கார வைத்திருந்தேன். அழுதுகொண்டிருந்தது. அந்த அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அதுவும் பொய். நிதானமாகத்தான் போட்டேன். மை கூட இழுபடவில்லை.

அடுத்த வாரம் ஹோர்டிங் வந்துவிட்டது. கரையான்சாவடி முனையில், மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு என் படம். கம்ப்யூட்டரில் செய்து ஒட்டிய ஒரு குடும்பம் அதன் முன்னால் நின்று சிரித்தது. "வானத்துக்குப் பக்கத்து வீடு" என்று கொட்டை எழுத்து. சிக்னலில் பைக்கில் வந்தவர்கள் எல்லாரும் தூணின் நிழலுக்குள் நெருக்கியடித்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அமுலு வந்தார்

ஹோர்டிங் வந்த நாலாம் நாள் மதியம் அமுலு ஸ்டூடியோவுக்குள் வந்தார். சைட்டில் துடைப்பத்தோடு பார்த்த முகம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ரோட்டாண்ட ஒரு போட்டோ வச்சிகீறாங்களே, அது நீ எடுத்ததுதான?"

"ஆமாம்மா."

"அதுல வலை இல்ல."

நான் மேஜைமேல் கிடந்த படங்களை அடுக்கினேன்.

"எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு. கம்பெனில எழுதிக் குடுத்துகீறாங்க. வலை எப்பவும் இருந்துச்சாம். அவரு யாரையும் கேக்காம அவராவே அவுத்துட்டாராம். அவுத்துட்டு அவரே உய்ந்தாராம். பைத்தியமாக்கா அவரு? தன் உசுர தாங்கற வலைய எவனாவது சொம்மா அவுப்பானா?"

விழுந்தது ஏழுமலை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் "இவ்ளோ போதுமா" என்று கேட்ட ஏழுமலை.

பாதி உண்மையை வைத்துப் பொய் சொல்வதில் இருக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். அவிழ்த்தது அவர் கைதான். சொன்ன வாய் எங்கே போயிற்று?

"நீ ஏதோ எழுதிக் குடுத்தியாமே? கம்ப்யூட்டர்ல அய்ச்சேன்னு? அந்தக் காயிதத்த காட்டித்தான்க்கா எங்கள வாயடைக்கறாங்க. மெய்யாலுமே அய்ச்சியா?"

அமுலு கேட்டதில் கோபம் இல்லை. ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்கிற சந்தேகம்தான் இருந்தது. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலாம்.

"இல்ல" என்றேன். "அழிக்கல. வலை இல்ல. நான் பொய் எழுதிக் குடுத்தேன்."

அமுலு வாசல் பக்கம் திரும்பினார். "அப்போ வந்து அவராண்ட சொல்லு" என்றார்.

கட்டிலில் கிடந்தவர்

ஏழுமலையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் போனேன். அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. தைரியம் வர அவ்வளவு நாள் ஆயிற்று.

திருமழிசையில் ஒடுக்கமான தெரு. ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் இரும்புப் பட்டறைச் சத்தம். ஓர் அறை வீட்டில் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நான் நுழைந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"ஏழுமல."

"எதுக்கு வந்த? இத்தயும் போட்டோ எடுக்கவா?"

நான் கேமரா கொண்டுபோகவில்லை. கையை விரித்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"அன்னிக்கு உன்ன எத்தினி தபா கேட்டேன்? போதுமா, போதுமான்னு. நீ கைய ஆட்டிகினே இருந்த. ஒரு தபா என் மூஞ்சப் பாத்தியா? கண்ணுல பொட்டிய வச்சிகினு இருந்த."

"தப்புதான்."

"தப்புன்னா? மூத்திரம் போவணும்னா ரெண்டு பேரு தூக்கணும் என்ன. தப்பாம். எம் பொண்டாட்டிய வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க, தெரியுமா உனுக்கு? நான் அவுத்ததுக்கு அவள எதுக்கு நிறுத்தணும்? அத்த போட்டோ எடு போ!"

அமுலு குறுக்கே வந்து, "சும்மா இரு, அக்கா உண்மைய சொல்றேன்னுதான் வந்துகீது" என்றார்.

ஏழுமலை சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தப் படத்திலும் எடுத்ததில்லை. "இப்ப வந்து சொல்லுதாமா? எழுதிக் குடுக்கச்சொல்ல எங்க போச்சு உண்ம? யாராண்ட போயி சொல்லும்? கம்பெனிக்காரன் காது குடுத்துக் கேப்பானா?"

 வெளியே வந்து தெருமுனையில் நின்றபோது நெடுஞ்சாலையில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எதிலும் ஏறத் தோன்றவில்லை. பூந்தமல்லி வரை நடந்தே வந்தேன்.

அறுத்து எறிந்த அடிப்பாகம்

அன்று மாலையே பழைய படங்களைத் திறந்தேன். கம்பெனிக்குக் கொடுத்தது கீழ்ப்பாகத்தை வெட்டிய படம். வெட்டாத முழுப் படங்கள் என்னிடம் இருந்தன.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் வலையோடு கட்டடம். சுவரில் வலையின் கட்டம்கட்டமான நிழல். பிறகு ஏழுமலை கயிற்றை அவிழ்க்கிறார். பிறகு வெறும் சுவர். வலையும் இல்லை, வலையின் நிழலும் இல்லை. கணினியில் வலையை அழிக்கிறவர்கள் அதன் நிழலையும் ஒரு கட்டம் விடாமல் அழித்திருக்க வேண்டும். அவ்வளவு சிரமம் யாரும் படுவதில்லை.

ஏழுமலை அவிழ்க்கிற படத்தைப் பெரிதாக்கினேன். கீழே மண்தரையில் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எங்கள் நிழல் படத்துக்குள் நீண்டு வந்திருக்கிறது. அது அசிங்கமாக இருக்கிறது என்றுதான் அடிப்பாகத்தை வெட்டினேன்.

ஒரு நிழல் முழங்கையை மடக்கிக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தது. இரண்டின் தலையிலும் ஹெல்மெட். இன்னொன்றின் கை மேலே நீண்டிருந்தது. கையில் குச்சி மாதிரி சுருட்டிய காகிதம். அது ஏழுமலை இருந்த திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அதைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு பிரபாகரின் தகரக் கொட்டகை அலுவலகத்துக்குப் போனேன். படத்தைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"நிழல்தானே மேடம். யாரோடதா வேணும்னாலும் இருக்கலாம்."

"என்னோடது எதுன்னு எனக்குத் தெரியும் சார். இன்னொண்ணும் தெரியும்."

"சரி. இதக் கொண்டுபோய்க் காட்டினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வலை வேண்டாம்னு முதல்ல சொன்னது யாருங்க? நீங்கதானே?"

 அவர் தொடர்ந்தார், ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி.

"என்னையும் மேலேர்ந்து போட்டு அழுத்தறாங்க மேடம். இந்த வாரம் படம் வேணும், இந்த மாசம் இத்தனை மாடி வேணும்னு. நான் ஒரு ஆளுதான். நீங்க ஒரு ஆளுதான். ரெண்டு பேரும் பேசாம இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் சொன்னதில் ஒன்று கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். கடைசியில் கீழே மணல்மேல் விழுவதற்கு மட்டும் ஒரே ஓர் ஆள்.

"நான் பேசப்போறேன் சார்" என்றேன். விருந்தினர் ஹெல்மெட்டை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இது யார் நிழல்?

விபத்து விசாரணைக்கு வந்த அரசு அதிகாரிக்கு அன்றைக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார். மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் அமுலுவும். அந்தப் பக்கம் பிரபாகரும் கம்பெனி வக்கீலும்.

அதிகாரி முதலில் என் பழைய கடிதத்தைத்தான் எடுத்தார். "வலைய கம்ப்யூட்டர்ல அழிச்சேன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாம் சார். அது பொய்."

"அன்னைக்குப் பொய் சொன்னவங்க இன்னைக்கு உண்மை சொல்றீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார். படத்தப் பாருங்க."

வரிசையாக எடுத்து வைத்தேன். வலையோடு, அவிழ்க்கும்போது, அவிழ்த்த பிறகு. சுவரில் இருந்த கட்டங்களையும் இல்லாத கட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன். கடைசியாக அந்த முழுப் படம். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் நிழல்?"

"நான்."

"இது?"

பிரபாகரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர். 'ஏழுமலை, வலைய அவுத்து எறக்கு'ன்னு சொல்லிட்டிருக்கார்."

வக்கீல் எழுந்தார். "நிழலுக்கு முகம் இருக்கா சார்?"

"நிழலுக்கு இல்ல" என்றேன். "எனக்கு இருக்கு. நான் அங்க நின்னேன். வலை இல்லாம இருந்தா படம் நல்லா இருக்கும்னு முதல்ல சொன்னதே நான்தான் சார். திரும்பக் கட்டட்டுமான்னு ஏழுமலை கேட்டார். வேண்டாம்னு இவர் சொன்னார். கேட்டுட்டு நான் பஸ் ஏறப் போயிட்டேன். எல்லாத்தையும் எழுதிக்குங்க."

 அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பிரபாகரிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

பிரபாகர் நெற்றியைத் துடைத்தார். வக்கீல் அவர் தோளைத் தொடுவதற்குள், "படம் அவசரமா வேணும்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்க சார்" என்றார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் அமுலு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

எப்படி முடிந்தது

நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஏழுமலை தானாக அவிழ்த்தார் என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். வலையை அவிழ்க்கச் சொன்னது நிர்வாகம் என்று எழுதினார்கள். வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றது. அமுலுவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போகிறார்.

பிரபாகரை வேறு ஊரில் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். தண்டனை அவ்வளவுதான். ஹெட் ஆபீஸில் கேட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஹோர்டிங்கைக் கிழித்துவிட்டு வேறு படம் வைத்தார்கள். வேறு யாரோ எடுத்தது. அதிலும் வலை இல்லை. இந்தத் தடவை கம்ப்யூட்டரில்தான் அழித்திருக்கிறார்கள், சுவரில் கட்டம்கட்டமாக நிழல் அப்படியே இருக்கிறது. கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எனக்கு அதன் பிறகு எந்தக் கட்டட வேலையும் வரவில்லை. "வம்பு பிடிச்ச அம்மா" என்று பேராகிவிட்டது. இருக்கட்டும். அந்தப் பேர் முப்பது வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து அமுலு போன் செய்தார். மாற்றுத்திறனாளி அட்டைக்கு உடம்பு முழுதும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்கிறார்களாம். "நானே வீட்டுக்கு வர்றேன்" என்றேன். "வேணாம்க்கா. அவரே வருவேன்னு சொல்றாரு."

ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். ஸ்டூடியோவுக்கு மூன்று படி. ஏழுமலை இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்து ஏறினார். நான் கை கொடுக்கப் போனேன். "வுடு" என்றார். மூன்று படிக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார். கால் நடுங்கியது. விளக்குகளைப் போட்டேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஏழுமல, என்னை மன்னிச்சிடுப்பா."

 அமுலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏழுமலை அவரைக் கையால் நிறுத்தினார்.

"நீ போயி உள்ளத சொன்ன. அது நல்லது. அதுக்கோசரம் உன்ன நான் திட்டல. மன்னிப்பு கின்னிப்புன்னு அதுக்கு மேல என்னாண்ட கேக்காதக்கா. இடுப்பு வலிக்குது. எடு."

எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்கிற தைரியமும் எனக்கு இல்லை. திரையில் படத்தைக் காட்டினேன். தலையாட்டினார்.

அச்சிட்டுக் கொடுத்ததும் அமுலு அதைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். ஏழுமலை படியில் இறங்க ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றேன். தெருவில் இறங்கி ஊன்றுகோலைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிறகு அவர் ஒரு தரம் திரும்பினார்.

"போறேன்" என்றார்.

"வரேன்" என்று சொல்லவில்லை.